சால்மன் முட்டையும் கொழுந்துத் தராசும்

மலையகத்தில் ‘செமன்’ என்றால் தகரப்பேணி. சம்பள நாளில் தோட்டக் கடையில் வாங்கி, வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டுப் பிரட்டி, ரொட்டியோடு உண்ணும் பொருள். பேணிக்குள் இருப்பது பெரும்பாலும் வேறு ஏதோ கடல்மீன். பெயர் மட்டுமே சால்மனுடையது. இந்த வேடிக்கையை நம்மவர் பலரும் அறிவர். ஆனால் உண்மையான சால்மனின் நெருங்கிய உறவினன் ஒருவன், அந்தக் கடைக்கு மேலே உள்ள மலையோடைகளில் நூறாண்டுக்கு மேலாகக் குடியிருக்கிறான் என்பதை அறிந்தவர் குறைவு. அவன் பெயர் டிரவுட்.

அந்த மீனையும், அதன் கடலோடும் உறவினரான சால்மனையும், அவை இடும் முட்டைகளையும் பற்றி இன்று எழுத எண்ணினேன். மீனில் தொடங்கினாலும் மீனோடு முடியப் போவதில்லை என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

திம்புள்ள, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,100 முதல் 1,600 மீற்றர் உயரத்தில் பரந்து கிடக்கும் தேயிலைப் பிரதேசம். 1869இல் இலங்கையில் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய் கோப்பியை அழித்தது. அந்த இடத்தில் தேயிலை வந்தது. ஆக்ரா ஓயாவும் நானு ஓயாவும் இந்த மலைகளின் நீரைத் திரட்டிக்கொண்டு இறங்கி, கொத்மலை ஓயாவாகி, மகாவலியில் கலக்கின்றன. தோட்டத்துத் துரைமாருக்கு இங்கிருந்த குளிரும் மூடுபனியும் ஸ்கொட்லாந்தை நினைவூட்டின. குறையாகத் தெரிந்தது ஒன்றுதான்: ஓடைகளில் தூண்டில் போடத் தகுந்த மீன் இல்லை.

அந்தக் குறையைத் தீர்க்க, 1880களில் இங்கிலாந்திலிருந்து பிரவுன் டிரவுட்டின் முட்டைகள் கப்பலில் கொண்டுவரப்பட்டன. முட்டையைக் கடல் கடத்தும் வித்தை அதற்கு முன்பே கைவந்திருந்தது. 1864இல் ‘நோர்ஃபோக்’ என்ற பாய்க்கப்பல், சால்மன் முட்டைகளையும் டிரவுட் முட்டைகளையும் ஈரப்பாசியில் பொதிந்து, பனிக்கட்டிக்கு நடுவே வைத்து, வெப்ப மண்டலத்தைக் கடந்து அவுஸ்திரேலியாவுக்குக் கொண்டு சேர்த்தது. அங்கிருந்து தாஸ்மேனியாவுக்குப் போன முட்டைகளில் டிரவுட் நிலைத்தது, சால்மன் நிலைக்கவில்லை. இலங்கையிலும் ஒரு தெரிவு நடந்தது. பிரவுன் டிரவுட் இங்கே தானாகப் பெருகி நிலைக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் கொண்டுவரப்பட்ட ரெயின்போ டிரவுட், நுவரெலியாவின் பொரிப்பகத் தொட்டிகளிலிருந்து இறங்கி, ஹோர்ட்டன் சமவெளியின் குளிர்ந்த ஓடைகளில் இனம் பெருக்கிக்கொண்டது.

அதே காலத்தில் தமிழகத்திலிருந்து மன்னார் வழியாக மாத்தளைக்குக் கால்நடையாக நடந்து வந்தவர்களுக்குப் பாசிப் பொதியும் இல்லை, பனிக்கட்டியும் இல்லை. அந்தக் காட்டு வழியில் விழுந்தவர்களின் கதையைப் பலர் எழுதியிருக்கிறார்கள். நான் இங்கே அதை நினைவூட்டுவதோடு நிற்கிறேன்.

ரெயின்போ டிரவுட்டின் தாயகம் பசிபிக் சமுத்திரத்தின் வட கரைகள். நெடுங்காலம் அதை ஐரோப்பியச் சால்மனின் குடும்பத்தில் வைத்துப் பெயர் எழுதினார்கள். 1989இல் அறிஞர்கள் அதன் பெயரை மாற்றி, சினூக், கோஹோ, சொக்கை முதலிய பசிபிக் சால்மன்கள் இருக்கும் பேரினத்திலேயே சேர்த்தார்கள். ஆகவே ஹோர்ட்டன் சமவெளியில் நீந்துவது, அலாஸ்காவின் சால்மனுக்கு ஒன்றுவிட்ட சகோதரன் என்று சொன்னால் தவறாகாது. ஒரு வேறுபாடு உண்டு. டிரவுட் பலமுறை முட்டையிடக்கூடும். சினூக், கோஹோ, சொக்கை ஆகியவையோ வாழ்நாளில் ஒரே முறை, பிறந்த ஆற்றுக்குத் திரும்பி வந்து, சரளைக் கற்களில் வாலால் குழி தோண்டி, முட்டையிட்டு மூடிவிட்டு இறந்துபோகின்றன. ஆற்றில் நுழைந்தபின் அவை உண்பதில்லை. கடலில் சேர்த்த கொழுப்பும் தசையும்தான் மொத்த முதல். வழிச்செலவும் அதிலிருந்துதான், முட்டைக்கான செலவும் அதிலிருந்துதான்.

இங்கேதான் ஒரு சுவையான கேள்வி எழுகிறது. ஒரே இனம், ஒரே அளவு உடல். ஆனால் ஓர் ஆற்றுச் சால்மன் இடும் முட்டையின் எண்ணிக்கையும் அடுத்த ஆற்றுச் சால்மன் இடும் முட்டையின் எண்ணிக்கையும் ஏன் ஒன்றாக இருப்பதில்லை?

பெரிய தாய்க்கு முட்டை அதிகம் என்பது பொது விதி. சினூக் ஒன்று சில ஆயிரம் முட்டைகள் முதல் 10,000க்கும் மேல் இடும். டிரவுட்டுக்குக் கிலோ ஒன்றுக்கு ஏறத்தாழ 2,000 என்று பண்ணைக்காரர்கள் கணக்குச் சொல்வார்கள். ஆனால் ஒரே அளவுள்ள தாய்களை எடுத்து ஒப்பிட்டாலும் வேறுபாடு மறைவதில்லை. இயன் ஃப்ளெமிங், மார்ட் குரோஸ் இருவரும் 1990இல் வெளியிட்ட ஆய்வு, வட அமெரிக்கக் கரையோரத்துக் கோஹோ சால்மன்களைப் பற்றியது. தெற்கிலிருந்து வடக்கே போகப் போக முட்டையின் எண்ணிக்கை கூடுகிறது. முட்டையின் பருமன் குறைகிறது என்று அவர்கள் காட்டினார்கள்.

காரணம் விளங்கக் கடினமானதன்று. வீட்டில் ஒரு சுண்டு மா இருக்கிறது. அதில் நான்கு பெரிய ரொட்டியும் சுடலாம், எட்டுச் சின்ன ரொட்டியும் சுடலாம். எட்டுப் பெரிய ரொட்டி சுட முடியாது. முட்டையும் அப்படியே. பெரிய முட்டையிலிருந்து வரும் குஞ்சுக்குக் கட்டுச்சோறு கூடுதல். பெரிதாகப் பிறந்து, போட்டியில் நின்று பிடிக்கும். சின்ன முட்டை என்றால் எண்ணிக்கை கூடும். ஒவ்வொரு குஞ்சுக்கும் வாய்ப்புக் குறையும். எங்கே எது பொருத்தம் என்பதை அந்தந்த ஆற்றின் குளிரும் சரளையும் இரையும் பல தலைமுறைகளாகத் தீர்மானிக்கின்றன. 1974இல் ஸ்மித், ஃப்ரெட்வெல் என்ற இருவர் இந்தக் கணக்கை ஒரு கோட்பாடாகவே எழுதிவைத்தார்கள். இன்றும் இத்துறையில் அதுவே அடிப்படைப் பாடம்.

ஆனால் இந்த ரொட்டிக் கணக்கில் ஒன்று விடுபட்டிருக்கிறது. அடுப்படிக்கு வந்து சேருவதற்குள் எவ்வளவு மா சிந்திப்போயிற்று என்பது.

அதற்கு விடை நியூசிலாந்திலிருந்து வந்தது. அங்கேயும் சினூக் சால்மன் வந்தேறியே. கலிபோர்னியாவின் சக்ரமென்டோ ஆற்றுப் பகுதியிலிருந்து எடுக்கப்பட்ட முட்டைகள் 1901க்கும் 1907க்கும் இடையில் கப்பலில் வந்து, தென்தீவின் வைட்டாகி ஆற்றோடு சேரும் ஹகடராமியா ஓடையில் பொரிக்கப்பட்டன. அங்கிருந்து மீன்கள் தாமாகவே பக்கத்து ஆறுகளுக்குப் பரவின. ஒரே மூலத்திலிருந்து வந்தவை, வெவ்வேறு ஆறுகளில், சில கடலுக்கு அருகிலும் சில மலைக்குள் வெகு தூரத்திலுமாக, நூறாண்டுக்குள் தனித்தனிக் குடிகளாகிவிட்டன. இயற்கையே நடத்திக் கொடுத்த பரிசோதனை என்று சொல்லலாம்.

மைக்கேல் கின்னிசனும் அவருடைய சகாக்களும் 2001இல் அதன் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒரே குடும்பங்களின் மீன்கள் இரு வழிகளில் திரும்பி வரும்படி செய்யப்பட்டது. ஒரு தொகுதிக்கு வழி குறுகியது. மற்றத் தொகுதிக்கு ஏறத்தாழ 86 கிலோமீற்றர் தூரமும் 413 மீற்றர் ஏற்றமும் கூடுதல். அந்த மேலதிக வழி, தாயின் உடற்சேமிப்பில் ஏறத்தாழ 17 சதவீதத்தைத் தின்றுவிட்டது. முட்டைப்பையின் எடையில் 13.7 சதவீதம் குறைந்தது. முட்டைகளும் சிறுத்தன.

413 மீற்றர் ஏற்றம். நாவலப்பிட்டியிலிருந்து ஹட்டனுக்கு ஏறும் புகையிரதப் பாதை இதைவிடக் கூடுதலாக ஏறுகிறது. அவ்வளவு சிறிய ஏற்றத்துக்கே தாயின் வயிறு கணக்குக் கொடுக்க வேண்டியிருந்தது.

ஆய்வின் அடுத்த பகுதி இன்னும் வியப்பானது. நெடுவழிக் குடியின் மீன்களையும் குறுவழிக் குடியின் மீன்களையும் ஒரே இடத்தில், ஒரே உணவில் வளர்த்துப் பார்த்தபோது, நெடுவழிக் குடியே முட்டைப்பைக்குக் கூடுதலாக முதலிட்டது; அதுவும் பெரும்பாலும் எண்ணிக்கையைக் கூட்டுவதன் மூலம். அதாவது, வழியில் இழக்கப்போவதை முன்கூட்டியே ஈடுசெய்யும் இயல்பு, நூறாண்டுக்குள் அந்தக் குடியின் இரத்தத்தில் ஏறியிருந்தது. ஆற்றில் மட்டும் பார்த்தால் நெடுவழித் தாய் குறைந்தவளாகத் தெரிவாள். சரியான இடத்தில் வைத்துப் பார்த்தால் அவளே கூடுதலாகக் கொடுப்பவள். இந்த ஒரு முடிவுக்காகவே நான் இக்கட்டுரையை எழுதத் தொடங்கினேன்.

இப்போது மனிதர்களின் கணக்குக்கு வருவோம். மீன்வளத் திணைக்களங்கள் எண்ணிக்கையை நேசிப்பவை. எத்தனை முட்டை பொரித்தோம், எத்தனை குஞ்சு விட்டோம், எத்தனை தலை திரும்பி வந்தது என்பதே அறிக்கை. இந்த நேசத்தின் விளைவு இரண்டு இடங்களில் தெரிந்தது.

முதலாவது, பொரிப்பகம். 2003இல் டேனியல் ஹீத்தும் பிறரும் ‘சயன்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரை, கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் தொட்டியில் வளர்க்கப்பட்ட சினூக் பற்றியது. தொட்டியில் சின்ன முட்டைக்குத் தண்டனை இல்லை. எல்லாக் குஞ்சுக்கும் தீனி கிடைக்கிறது. ஆகவே அதிகமான சின்ன முட்டை இடும் தாயே அங்கே வெல்கிறாள். சில தலைமுறைகளிலேயே முட்டை சிறுத்துவிட்டது என்றார்கள். அந்தக் குஞ்சுகளை ஆற்றில் விட்டால் இயற்கைக் குடியும் நலியும் என்பது அவர்களின் எச்சரிக்கை. இதை மறுத்தவர்களும் உண்டு. எல்லாப் பொரிப்பகங்களிலும் இப்படி நடக்கவில்லை என்று அவர்கள் எடுத்துக்காட்டினார்கள். விவாதம் எப்படி இருந்தாலும், முட்டை எண்ணிக்கை கூடுவது மட்டுமே நலம் ஆகாது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை.

இரண்டாவது, அலாஸ்கா. 2020இல் வெளியான பெரிய ஆய்வொன்று, அறுபது ஆண்டுகளில் அளக்கப்பட்ட 1 கோடியே 25 இலட்சம் சால்மன்களின் அளவுகளைத் திரட்டியது. 1990க்கு முந்திய சினூக்கோடு ஒப்பிட, 2010க்குப் பிந்திய சினூக்கின் நீளம் சராசரியாக 8 சதவீதம் குறைந்திருந்தது. மீன்கள் முன்னைவிட இளம் வயதிலேயே ஆறு திரும்புவது இதற்கு முக்கிய காரணம். 8 சதவீதந்தானே என்று தோன்றும். ஆனால் முட்டை வளமோ 16 சதவீதம் குறைந்துவிட்டது என்று ஆய்வாளர்கள் கணித்தார்கள். ஆற்றங்கரையில் நின்று தலையை எண்ணுபவருக்கு இது தெரியாது. பத்தாயிரம் மீன் என்றால் பத்தாயிரந்தான். அன்றைய பத்தாயிரம் வேறு, இன்றைய பத்தாயிரம் வேறு என்பதை எண்ணிக்கை சொல்லாது. தாயை அளந்தால்தான் தெரியும்.

நம் ஊர் டிரவுட்டிலும் கணக்குப் பிழை உண்டு. முட்டை எத்தனை வந்தது, மீன் எத்தனை பிடிபட்டது என்று துரைமார் எழுதிவைத்தார்கள். அந்த ஓடைகளில் முன்பே என்ன இருந்தது என்று எழுதிவைக்க எவருக்கும் தோன்றவில்லை. ஹோர்ட்டன் சமவெளியின் நீரோடைகளுக்கே உரிய ஒரு சிறிய நன்னீர் இறால் இருக்கிறது. உலகில் வேறெங்கும் கிடையாது. அதன் அழிவு அச்சத்துக்கு டிரவுட்டும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. 1988இல் சமவெளி தேசியப் பூங்காவாயிற்று. அந்த இறால் ஒரு கணக்கில் ஏறுவதற்கு அவ்வளவு காலம் எடுத்தது.

இனிச் சொல்லப்போவதை வாசகர்கள் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மலையகத் தாயை மீனோடு ஒப்பிடவில்லை. மனிதரை உயிரினப் பட்டியலில் வைத்துப் பேசியவர்கள் நமக்குச் செய்தது போதும். நான் ஒப்பிடுவது கணக்கு எடுப்பவர்களின் கண்ணை. ஆற்றங்கரையில் தலையை மட்டும் எண்ணும் கண்ணும், தோட்டத்தில் கொழுந்தை மட்டும் நிறுக்கும் கண்ணும் ஒரே வகை.

நிருபராக இருந்த காலத்தில் பல தடவை கொழுந்து நிறுக்கும் இடத்தில் நின்று பார்த்திருக்கிறேன். பெண்கள் கூடையை இறக்குவார்கள். தராசு முள் நிற்கும். கூடைக்கென்றும் ஈரத்துக்கென்றும் ஒரு கழிவு போகும். மிச்சம் செக்ரோலில் ஏறும். குறித்த கிலோ வராவிட்டால் அரைப்பேர். அந்தக் கிலோவைப் பறிக்க அவள் எந்த மலைக்கு ஏறினாள், எத்தனை தடவை இறங்கினாள், மழையில் அட்டை கடிக்க நின்றாளா, வயிற்றில் பிள்ளையோடு நின்றாளா என்பதற்கு செக்ரோலில் பத்தி இல்லை. தராசுக்கு மலை தெரியாது. 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டபோது, பல தோட்டங்களில் கிலோ அளவு கூட்டப்பட்டுவிட்டது என்ற முறைப்பாடு உடனே எழுந்தது நினைவிருக்கலாம். சம்பளப் பேச்சு நடக்கும்போதெல்லாம் ரூபாவும் கிலோவும் பேசப்படுகின்றன. ஏற்றம் பேசப்படுவதில்லை.

இதன் விளைவு எங்கே தெரிகிறது? 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வில் தெரிகிறது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதற்கும் 17.3 சதவீதம்; தோட்டத்துறையில் 31.7 சதவீதம். இதற்கு வறுமை, குடிநீர், லயத்து நெருக்கடி எனப் பல காரணங்கள் உண்டு. தாயின் உடல் அவற்றுள் முதன்மையானது. குட்டையாகப் பிறந்து குட்டையாக வளர்ந்த சிறுமி தாயாகும்போது, அந்தக் குறை அடுத்த தலைமுறைக்கும் போகிறது என்பது மருத்துவர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருவது.

சட்டமும் எண்ணிக்கையைத்தான் பார்த்தது. 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ், முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 84 நாள் என்றும், அதற்கு மேற்பட்ட பிள்ளைக்கு 42 நாள் என்றும் நெடுங்காலம் விடுமுறை இருந்தது. மூன்றாம் பிள்ளையைப் பெற்ற தாயின் உடல் பாதி நாளில் தேறிவிடும் என்று எந்த வைத்தியர் சொன்னாரோ! 2018இல்தான் இந்தப் பேதம் நீக்கப்பட்டது. கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் திரிபோஷா சத்துமாவும் 2022இன் பொருளாதார நெருக்கடியில் சோளம் இல்லாமல் தடைப்பட்டது. முதலில் வெட்டுவிழுந்த இடம் தாயின் கட்டுச்சோறு.

‘தோட்டப் பெண்களின் உற்பத்தித்திறன் குறைவு’ என்று கொழும்பில் குளிரூட்டிய அறைகளில் பேசப்படுவதைப் பல ஆண்டுகளாகக் கேட்டுவருகிறேன். கென்யாவில் இத்தனை கிலோ, அசாமில் இத்தனை கிலோ என்று பட்டியல் நீட்டுவார்கள். நியூசிலாந்து ஆய்வை அந்த அறைகளில் படித்துக்காட்ட வேண்டும். வழியின் செலவைக் கழிக்காமல் இரண்டு குடிகளை ஒப்பிட்டால், கூடுதலாகக் கொடுப்பவரைக் குறைவாகக் கொடுப்பவர் என்று தீர்ப்பளிக்க நேரும். மரத்தின் வயது, மலையின் சரிவு, மண்ணின் அரிப்பு, நடக்கும் தூரம் எல்லாவற்றையும் ஒரே அளவில் வைத்துவிட்டுத்தான் பெண்ணின் கையைக் குறைசொல்லலாம். அப்படி வைத்துப் பார்த்தால் கூடுதலாகக் கொடுப்பவள் யார் என்று தெரியவரும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

நான் கேட்பது பெரிய காரியம் அன்று. கிலோ அளவை நிர்ணயிக்கும்போது மலையின் சரிவும் தூரமும் எழுத்தில் வரட்டும். செங்குத்தான மலைக்கும் சமதரைக்கும் ஒரே கிலோ என்ற வழக்கம் ஒழியட்டும். கர்ப்பிணிப் பெண்ணுக்கு கிலோக் கணக்கே இல்லாத இலகு வேலை, சலுகையாக இல்லாமல் உரிமையாக ஒப்பந்தத்தில் ஏறட்டும். தோட்ட மருத்துவ நிலையங்கள், பிறந்த பிள்ளைகளின் எண்ணிக்கையோடு தாயின் எடையையும் இரத்தச் சோகையையும் ஆண்டுதோறும் வெளியிடட்டும். தொழிற்சங்கத் தலைவர்கள் அடுத்த பேச்சுவார்த்தை மேசைக்கு இந்த மூன்றையும் கொண்டுபோகட்டும்.

மீன் ஆய்வாளர்கள் நூறாண்டுக் கணக்கேட்டைத் திருத்த ஒப்புக்கொண்டார்கள். எத்தனை மீன் வந்தது என்பதோடு நிற்காமல், எவ்வளவு தூரம் ஏறி வந்தது, என்ன மிச்சத்தோடு வந்தது என்று கேட்கக் கற்றுக்கொண்டார்கள். திம்புள்ளையின் மலைகளில் அந்தக் கேள்வியைக் கேட்க நமக்கு இன்னும் எவ்வளவு காலம் வேண்டும்?